சாவு இருப்பதால்தான் தண்டவாளம் தாண்டுகிறோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கொழும்பு வெள்ளவத்தையில் இந்த மாலை கூடியிருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

சாவே இல்லையென்றால் வாழ்க்கை இனிக்குமா, கசக்குமா? கசக்கும் என்பது எங்கள் கட்சி. எதிரணியில் பேசிய தங்கை, சாவு போனால் பயமும் போய்விடும், துணிந்து எதையும் செய்து பார்க்கலாம் என்றார். அந்தப் பயத்தைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

எங்கள் அணித் தலைவர் சலிப்பைப் பற்றிப் பேசினார். பேர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1973இல் வாதிட்டதும் அதுதான்: முடிவில்லாத வாழ்வு கடைசியில் அலுத்துப்போகும் என்று. தலைவர் மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. நல்ல தோசையும் நல்ல சிநேகிதமும் ஆயிரம் வருடம் போனாலும் அலுக்காது. என் கவலை வேறு.

மூப்பையும் நோயையும் ஒழிக்க ஒரு மருந்து வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாகனம் நிறைந்த நம் காலி வீதி அப்படியேதானே இருக்கும்? விபத்தில் சாகும் வாய்ப்பு வருடத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு எடுங்கள். 1,000 வருடம் கழித்து நூறு பேரில் 37 பேர்தான் மிச்சம். 5,000 வருடம் கழித்து ஆயிரம் பேரில் ஆறேழு பேர். ஆக, மருந்து குடித்தவனுக்கும் சாவு உண்டு. எப்போது என்பதுதான் தெரியாது.

இப்போது நம் கடற்கரைக்கு வாருங்கள். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. ஒரு அப்பா பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தபடி பம்பலப்பிட்டிப் பக்கம் பார்க்கிறார், தெகிவளைப் பக்கம் பார்க்கிறார். சத்தம் ஒன்றும் இல்லை. சரி, வா என்று சல்லிக்கல்லில் செருப்பு வழுக்க வழுக்கத் தாண்டிவிடுகிறார். அவர் பணயம் வைத்தது மிஞ்சிப்போனால் ஒரு நாற்பது வருடம், அதுவும் மிகச் சிறிய வாய்ப்பில். கிடைத்தது பிள்ளைக்குக் கடல். இந்தக் கணக்கு நமக்குக் கட்டுப்படியாகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் பஸ்கால் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, பரிசு முடிவில்லாததென்றால் வாய்ப்பு எவ்வளவு சிறிதானாலும் அந்தப் பந்தயத்தில் இறங்கலாம் என்று கடவுள் நம்பிக்கைக்காக வாதாடினார். அதைத் திருப்பிப் போடுங்கள். இழப்பு முடிவில்லாததென்றால், வாய்ப்பு கோடியில் ஒன்றானாலும் இறங்கக் கூடாது! மூப்பில்லாத அப்பா இழக்கப்போவது எல்லையே தெரியாத வாழ்வு; அவர் தண்டவாளத்தைத் தாண்ட மாட்டார். பஸ்ஸில் ஏற மாட்டார். தங்கச்சி, பயம் போகாது அம்மா. வீட்டுக்குள் வந்து குடியிருக்கும்.

அதியமானின் நெல்லிக்கனியை எதிரணி உதாரணம் காட்டியது. அரிய கனி, ஆயுளை நீட்டும் கனி, உண்மைதான். ஆனால் தமிழ் அவனை வாழ்த்தியது கனியைத் தின்றதற்கா, ஔவைக்குக் கொடுத்ததற்கா? எப்படியும் ஒருநாள் சாகப்போகிறோம் என்று தெரிந்தவனால்தான் அப்படித் தூக்கிக் கொடுக்க முடியும்.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மருந்தைக் குடித்த பிறகு முகத்துவாரத்தில் யார் வள்ளத்தில் ஏறி மீன் பிடிக்கப் போவார்? எந்தப் பெண் பிரசவ அறைக்குள் போவாள்? அதற்கு விடை சொல்லிவிட்டு இனிக்கும் என்று சொல்லட்டும், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.