உங்கள் கிருமி எவ்வளவு நேரத்தில் இரண்டாகும்? மைக்ரோபயாலஜி ஆராய்ச்சிக்கு வருமுன் போட வேண்டிய கணக்கு

[திரையில்: இன்குபேட்டர் கதவு திறக்கிறது. உள்ளே அடுக்கடுக்காகப் பெட்ரி தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கரில் தேதியும் பெயரின் முதல் எழுத்தும்.]

வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிக்கப் போகிறீர்களா? முடித்துவிட்டு, பிஎச்.டி. சேர்வதா வேலைக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். சென்னையில் ஆராய்ச்சியில் இருப்பதால் ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: எந்த லேப் நல்ல லேப், எந்தத் தலைப்புக்கு எதிர்காலம் இருக்கிறது, எந்தக் கைடு தங்கமானவர். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் யாருமே கேட்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் வேலை செய்யப்போகும் கிருமி எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது?

காலையில் எத்தனை மணிக்கு லேப்புக்கு வருவீர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியுமா, தீசிஸ் எந்த வருடம் கொடுப்பீர்கள், இதில் பெரும்பகுதியை முடிவு செய்வது அந்த ஒரு எண்தான்.

[திரையில்: ஒரு செல் இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. ஓரத்தில் கடிகாரம் ஓடுகிறது.]

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரே ஒரு பாக்டீரியா 30 தடவை இரட்டிப்பானால் ஏறக்குறைய 107 கோடி ஆகும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு நல்ல சத்தான மீடியாவில், அதாவது வளர்ப்பு உணவில், ஒரு இரட்டிப்புக்கு 20 நிமிடம் போதும். அப்படியானால் 30 இரட்டிப்புக்கு 10 மணி நேரம். காசநோய்க் கிருமிக்கு ஒரு இரட்டிப்புக்கே சுமார் 20 மணி நேரம் வேண்டும். அதே 30 இரட்டிப்புக்கு 600 மணி நேரம், அதாவது 25 நாள். தொழுநோய்க் கிருமி ஒரு தடவை இரட்டிப்பாக இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அதே கணக்கு அங்கே ஒரு வருடத்தைத் தாண்டிவிடும்.

இந்த மூன்று கிருமிகளில் வேலை செய்யும் மூவரும் மைக்ரோபயாலஜிஸ்ட்தான். படித்த பாடப்புத்தகம்கூட ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு விடை ராத்திரியோடு ராத்திரியாகக் கிடைக்கிறது, இன்னொருவருக்கு அடுத்த மாதம், மற்றவருக்கு அடுத்த ஆண்டு.

[திரையில்: ஷேக்கரில் சுழலும் பிளாஸ்க்குகள். கையுறை போட்ட கை ஒன்று கியூவெட்டை எடுத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைக்கிறது.]

முதலில் வேகமான கிருமிக்காரரின் ஒரு நாள். முந்தைய மாலை போட்ட ஓவர்நைட் கல்ச்சர் காலையில் கலங்கலாக இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்துப் புது எல்.பி. மீடியாவில் விட்டு, 37 டிகிரியில் ஷேக்கரில் வைப்பார். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை ஓ.டி. பார்க்க வேண்டும். 600 நானோமீட்டர் ஒளி கலங்கலில் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கும் அளவு அது. 0.5 வந்ததும் மருந்தையோ, மரபணுவை இயக்கிவிடும் ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருளையோ சேர்ப்பதாகத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.45 காட்டும்போது, சரி, சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கேன்டீனுக்குப் போனால் போச்சு. திரும்பி வரும்போது ஒன்றைத் தாண்டியிருக்கும். அன்றைய சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால்தான் ஈ. கோலை லேப்களில் சிலர் மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். சோம்பலோ பழக்கமோ இல்லை, கிருமி விடுவதில்லை.

ஆன்டிபயாட்டிக் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கட்டு உண்டு. மருந்தின் எந்தக் குறைந்த அளவு கிருமியைத் தடுக்கிறது என்று பார்க்கும் எம்.ஐ.சி. சோதனையை, வைத்ததிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். மாலை 5 மணிக்கு வைத்தால் மறுநாள் காலை 9 மணியிலிருந்து படிக்கலாம். காலை 10 மணிக்கு வைத்தால் மறுநாள் காலை 6 மணிக்குள் யாராவது வர வேண்டியிருக்கும். அதனால் இந்த லேப்களில் மாலைதான் பரபரப்பான நேரம். சனிக்கிழமை மாலை பிளேட் போட்டால் ஞாயிறு காலை ஒருவர் வந்தே தீர வேண்டும். யார் வருவது என்பதில்தான் பல லேப்களில் சண்டையும் நட்பும் பிறக்கின்றன.

[திரையில்: வெயில் கொளுத்தும் சென்னைச் சாலை. பக்கத்திலேயே இன்குபேட்டரின் எண் பலகை: 37.0]

நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். அறை அதைவிடக் குளிராக இருந்தால்தான் அது சொன்ன வெப்பநிலையில் நிற்கும். பூஞ்சையை 25 டிகிரியில் வளர்க்க வேண்டும் என்றால், மே மாதச் சென்னையில் குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் இல்லாமல் நடக்காது. வெப்பம் தொல்லை கொடுப்பது புதிதல்ல. 1880-களில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டினில்தான் கிருமி வளர்த்தார்கள். உடல் வெப்பநிலையில் ஜெலட்டின் உருகிவிடும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, சமையலறையில் தான் பயன்படுத்திய, அந்தச் சூட்டிலும் உருகாத அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம் ஊரிலோ ஜெலட்டின் தட்டு இன்குபேட்டருக்குப் போகும் முன்பே மேசையில் உருகியிருக்கும். அகர் கடற்பாசியிலிருந்து வருவது. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தயாரிக்கப் பயன்படுபவை. பெட்ரி தட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பேன்.

[திரையில்: சாய்வாக உறைந்த பச்சை மீடியாவுடன் வரிசையாகச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள்.]

இப்போது மெதுவான கிருமி. இந்தப் பச்சைப் புட்டியில் இருப்பது லோவென்ஸ்டைன் ஜென்சன் மீடியா, லேப் பேச்சில் எல்.ஜே. கோழிமுட்டையும் உப்புகளும் சேர்த்து, 80 டிகிரிக்கு மேல் மெல்லச் சூடாக்கி உறைய வைப்பது. பச்சை நிறம் மாலகைட் கிரீன் என்ற சாயத்தினால் வருகிறது. மற்ற கிருமிகள் முந்திக்கொண்டு வளராமல் தடுக்கவே அதைச் சேர்க்கிறார்கள். காசநோய்க் கிருமியை இதில் போட்டுவிட்டு எட்டு வாரம் வரை பார்ப்பார்கள். மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் காலிஃபிளவர் பூ மாதிரி சொரசொரப்பாக, வெளிர்மஞ்சளாக, சின்னதாக ஒன்று எட்டிப்பார்க்கும். திரவ மீடியாவில் வைத்துத் தானாகவே கண்காணிக்கும் இயந்திரம் இன்னும் சீக்கிரம் சொல்லும். ஆனால் அதுவும் வளர்ச்சி இல்லை என்று கைவிரிக்க 42 நாள் காத்திருக்கும். ஐந்தாவது வாரத்தில் புட்டிக்குள் ஒரு பூஞ்சை தலைகாட்டினால் அந்த ஐந்து வாரமும் போனதுதான். மாதக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கெடாமல் காப்பாற்றும் பொறுமை ஒரு தனித் திறமை. அதற்கு மதிப்பெண் சான்றிதழில் இடம் கிடையாது, ஆனால் அதை வைத்துத்தான் இந்தத் துறை நிற்கிறது.

அந்தப் பொறுமைக்கு நம் நகரத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

[திரையில்: சென்னை வரைபடத்தில் சேத்துப்பட்டு ஒளிர்கிறது. பக்கத்தில் 1956 என்ற எண்.]

1956-இல் மதராஸில் காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இருந்த படுக்கைகள் ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். இன்னொரு குழு தங்கள் வீட்டிலேயே, நெருக்கடியான, ஏழ்மையான வீடுகளிலேயே. இரண்டு குழுவுக்கும் ஒரு வருடம் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள். 1959-இல் முடிவுகள் வெளிவந்தன. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே தேறியிருந்தார்கள். தொடர்ந்து கவனித்ததில், நோயாளியுடன் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தெரிந்தது. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், அதற்கு வழி திறந்த இடம் சென்னை.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நோயாளியின் சளியையும் திரும்பத் திரும்ப வாங்கி, வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்து படித்தவர்கள் லேப்காரர்கள். அந்தப் புட்டிகள் இல்லாமல் இந்த முடிவு வந்திருக்காது.

[திரையில்: தரமணி. அடுத்து 2010 என்ற எண்.]

வேகமான கிருமிக்கும் நம் ஊரில் ஒரு கதை உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதி இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளின் கிருமிகளில் பரவியிருப்பதை அது காட்டியது. சென்னையிலிருந்து மட்டும் அப்படி 44 கிருமிகள். கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் அப்போது பிஎச்.டி. மாணவர். ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை ஒரே இரவில் வளர்வதால்தான் இவ்வளவு மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. ஒரு மாணவரின் பெயர் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு கட்டுரையின் தொடக்கத்தில் இருப்பது எனக்கு இன்றும் பெரிய உற்சாகம்.

[திரையில்: நாட்காட்டி. ஐந்து வருடங்கள் புரள்கின்றன.]

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆன பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருடம். முதல் வருடத்தில் கோர்ஸ் வொர்க், எதிக்ஸ் அனுமதி, கெமிக்கல் ஆர்டர் என்று நிறையப் போய்விடும். மீதி நான்கு வருடத்தில், ஒரு சுற்றுக்கு எட்டு வாரம் எடுக்கும் சோதனையை ஒன்று முடிந்து ஒன்று என்று செய்தால் 26 தடவைதான் செய்யலாம். ஒவ்வொன்றையும் மும்முறை திருப்பிச் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது கேள்விகளுக்குத்தான் விடை. "எப்பப்பா முடியும்?" என்று வீட்டில் கேட்கும்போது கோபப்படாமல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அம்மா அப்பாவுக்குப் புரியும்.

அதற்காக மெதுவான கிருமியை விட்டு ஓட வேண்டாம். அந்த லேப்களில் நன்றாக வருபவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதுத் தொகுதியைத் தொடங்கிவிடுவார்கள். எட்டு வாரம் கழிந்தால் வாராவாரம் ஒன்று அறுவடைக்கு வரும். கூடவே, காசநோய்க் கிருமியின் அதே பேரினத்தைச் சேர்ந்த ஆபத்தில்லாத ஸ்மெக்மாட்டிஸ் கிருமியில் யோசனையை முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். அது மூன்று நான்கு மணி நேரத்தில் இரட்டிப்பாகும். காத்திருக்கும் நாட்களில் கம்ப்யூட்டர் பக்கம் போகலாம். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பு, சுமார் 44 லட்சம் எழுத்துகள், 1998-லேயே வெளியாகிவிட்டது. ஆர், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிகளைக் கற்றுக்கொண்டு அதில் உட்கார்ந்தால், பின்னால் வேலை தேடும்போது அதுவும் கைகொடுக்கும்.

[திரையில்: ஓ.எம்.ஆர். சாலை, ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டைப் பெயர்ப்பலகை.]

பிஎச்.டி. வேண்டாம் என்றாலும் கடிகாரம் உங்களை விடாது. ஆலத்தூர் பக்கம் ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுக்குப் போனால், கிருமியில்லாமை சோதனைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும், அதற்கு முன் சரக்கு வெளியே போகாது. ஆஸ்பத்திரி லேப்பில், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் பொதுவாக ஐந்து நாள். ஆனால் நோயாளி அவ்வளவு நாள் தாங்குவாரா தெரியாது, அதனால் கிருமிக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முதல் கிராம் ஸ்டெய்ன் முடிவை உடனே போன் செய்து டாக்டரிடம் சொல்வீர்கள். இறால் பண்ணையில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்தால் மூன்று முதல் பத்து நாளில் குளமே காலியாகிவிடும். வளர்த்துப் பார்க்க நேரமில்லை, சில மணி நேரத்தில், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முடிவு வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் இந்த நோய்களில்தான் வேலை செய்கிறார்கள். அவசரத்தில் பதறாதவர்களுக்கு ஆஸ்பத்திரி சரியான இடம். ஒழுங்காகப் பதிவேடு எழுதப் பிடித்தவர்களுக்கு மருந்துக் கம்பெனி.

[திரையில்: லேப் காரிடார். மைனஸ் 80 ஃப்ரீசரின் கதவில் கையால் எழுதி ஒட்டிய தாள்.]

கடைசியாக ஒன்று. ஒரு லேப்பைப் பார்க்கப் போனால் கைடைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பாதீர்கள். நான்காவது வருடத்தில் இருக்கும் சீனியர் அக்காவோ அண்ணனோ இருப்பார். டீ குடிக்கக் கூட்டிப் போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிளேட் யார் பார்க்கிறார்கள்? கரன்ட் போனால் மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டா, மழைக்காலத்தில் அது ஓடியதா? இதற்கு முன் இருந்தவர் தீசிஸுக்கு முந்தைய சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க எத்தனை வருடம் ஆனது? உங்கள் கிருமி எவ்வளவு நேரத்தில் இரண்டாகும் அக்கா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொல்வார். அதன் பிறகு அரை மணி நேரம் அவர் பேசுவதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.