ஞாயிறு மாலை அரைக்கும் மாவு

வணக்கம். இப்போது மாலை நான்கு மணி. உங்களுக்குக் கேட்கும் இந்த ஓசை எங்கள் வீட்டு கிரைண்டருடையது. இந்த ஓசை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது என்பதால், அதை நீக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். மாவரைக்கும் கிரைண்டரை 1955ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் முதன்முதலில் உருவாக்கியது இந்த ஊரில்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கும், குழவியைத்தான் கையால் சுற்ற வேண்டும். இதில் பாத்திரமே சுழல்வதால் கைக்கு வேலை குறைந்தது. ஆனால் மாவு அரைப்பதில் கையை விடவும் மனத்துக்குத்தான் வேலை அதிகம் என்பதை நான் சென்ற ஆண்டுதான் புரிந்துகொண்டேன்.

அதுவரை இந்த வேலை முழுவதும் என் அத்தையின் பொறுப்பில் இருந்தது. நாத்தனாரின் பிரசவத்துக்காக அவர் இரண்டு மாதங்கள் வெளியூர் சென்றபோது, நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று அவர் சொன்ன அளவை எழுதி வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பினேன். முதல் வாரம் இட்லி கல்லாக வந்தது. அடுத்த வாரம் மாவு பொங்கி வழிந்து, புதன்கிழமைக்குள் புளித்துப் போனது. அளவு மாறவில்லை, வெயில் மாறியிருந்தது. கோடையில் உளுந்துக்குக் குளிர்ந்த நீரைத் தெளித்து அரைக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் சூட்டில் மாவு அப்போதே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதையும், மார்கழிக் குளிரில் பாத்திரத்தை அடுப்படி ஓரமாக வைக்க வேண்டும் என்பதையும், அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

இதோ, அருகில் வந்து பாருங்கள். உளுந்து அரைபடத் தொடங்கி அரை மணி நேரம் ஆகிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் இந்த மாவைச் சிறிது கிள்ளிப் போடுகிறேன். பஞ்சுபோல மிதக்கிறது அல்லவா? உள்ளே காற்று நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். மூழ்கினால் இன்னும் சில நிமிடங்கள் ஓட விட வேண்டும். அரிசியை இவ்வளவு மையாக அரைக்கக் கூடாது. விரலில் தேய்த்தால் மெல்லிய ரவைபோல உணர வேண்டும்.

உப்புப் போட்டுக் கையால் கலப்பதை அத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். கைபட்டால்தான் மாவு பொங்கும் என்று சொல்வதுண்டு. ஆனால் மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் உளுந்திலேயே இயல்பாக இருப்பவை. அவை வெளியிடும் கரியமில வாயுவை உளுந்தின் வழவழப்பு வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் இட்லி பூப்போல வருகிறது. ஆகவே கைபடாமல் கரண்டியால் கலந்தாலும் மாவு பொங்கும். ஆனால் மாவு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, இன்னும் அரைக் கை தண்ணீர் வேண்டுமா என்பதைக் கரண்டி சொல்லாது.

அதன்பிறகு வாரக் கணக்கு. திங்கள், செவ்வாய்க்கு இட்லி. மாவு சற்றுப் புளித்ததும் தோசை. வியாழக்கிழமை மிச்சத்தில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் குழிப்பணியாரம். நடுவில் விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்பது வரை ஒருவரே மனத்தில் சுமந்துகொண்டிருந்தார், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அத்தை திரும்பி வந்த வாரமே நாங்கள் அமர்ந்து பேசினோம். இப்போது அரிசி களைந்து ஊற வைப்பது பன்னிரண்டு வயது மகனின் வேலை. கழுநீரை அவன் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவான். அரைப்பதும், பிறகு கல்லைக் கழற்றிக் கழுவுவதும் என் கணவருடையவை. ‘எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போக நேரம் கிடைக்கிறது’ என்று அத்தை சொன்னார்.

இன்று கலக்கப் போவது மகன். முழங்கைவரை கழுவிவிட்டு வந்து நிற்கிறான். அத்தை கோயிலுக்குப் புறப்பட்டவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ‘அடியிலிருந்து எடுத்துக் கலக்குடா கண்ணு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.