உப்பைப் போன்ற அன்பு

நேயர்களுக்கு வணக்கம். செல்வத்தைவிட மேலானது எது என்று கேட்கும் நாட்டுப்புறக் கதைகள் பலவற்றுள், உப்பை விடையாகச் சொல்லும் கதையையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். தன்மீது எவ்வளவு அன்பு என்று தந்தை மகள்களைக் கேட்கிறான். மூத்தவர்கள் விலையுயர்ந்த சொற்களாகத் தேடி அடுக்க, கடைக்குட்டி ‘உப்பைப் போல’ என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவே வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள்.

செக் எழுத்தாளர் பொசெனா நியெம்ட்சோவா (1820–1862) எழுதிய வடிவத்துக்குப் ‘பொன்னினும் மேலான உப்பு’ என்றே பெயர். அவருடைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவில் கடலும் இல்லை, உப்பளமும் இல்லை. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து பொதிக்குதிரைகள் காட்டுவழியே உப்பைச் சுமந்துவந்த பாதையை அம்மக்கள் பொற்பாதை என்றே அழைத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில், கதையின் நடுவே உப்பு அடியோடு அற்றுப்போகிறது என்றால், கேட்ட குழந்தைகளுக்கு அது வெறும் மாயமாகத் தோன்றியிருக்காது.

ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையில், கோரைப்புல் மேலாடைக்குள் தன்னை மறைத்துக்கொண்டு இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண், பின்னர் தன் திருமண விருந்தில் எந்தப் பதார்த்தத்திலும் ஒரு கல் உப்புக்கூடப் போடக் கூடாது என்று சமையல்காரியிடம் சொல்லிவிடுகிறாள். விருந்துக்கு வந்த தந்தை ஒன்றை வாயில் வைக்கிறார், மற்றொன்றை வைக்கிறார், பிறகு தேம்பி அழுகிறார். மருத்துவர் சொல்கேட்டு உப்பைக் குறைத்துக்கொண்ட எனக்கு அவருடைய நாக்கின் துயரம் நன்றாகவே புரிகிறது.

ஆனாலும், மேவ் ஸ்டோக்ஸ் என்ற சிறுமி இந்தியாவில் தன் ஆயாக்கள் முதலானோரிடம் கேட்டுத் தொகுத்து, 1880இல் லண்டனில் வெளிவந்த தொகுப்பிலுள்ள வடிவமே எனக்கு நுட்பமாகப் படுகிறது. அங்கே மூத்த மகள்கள் ஆறு பேரும் சர்க்கரையைப் போல அன்பு என்றவர்கள். பிற்காலத்தில், மகள் வீடென்று அறியாமலே விருந்தாளியாக வந்த தந்தையாகிய அரசனுக்கு, ஏழாம் மகள் உப்பை மட்டும் விலக்கிவிட்டு நிறுத்தவில்லை; அவன் அன்று மகிழ்ந்து கேட்ட அதே இனிப்பை ஒவ்வொரு வேளையும் இலையில் நிரப்புகிறாள். திகட்டிப்போய், பசியோடு, எதையும் தொட முடியாமல் அவன் தவிக்கும்போதுதான், குடியானவர் வீட்டில் சமைப்பதுபோல் உப்பிட்டு வேகவைத்த கொஞ்சம் கீரை அவன் முன்னால் வருகிறது. அதை அவன் ஆசையாகச் சாப்பிட்டு முடித்த பிறகே அவள் தன்னை யாரென்று சொல்கிறாள்.