செம்பு, க்வாச்சா, கடன் பத்திரம்

வணக்கம். முதலீட்டுத் தொழிலில் இருப்பவர்கள் சில நாடுகளை 'ஃபிரான்டியர் மார்க்கெட்' என்பார்கள். சந்தை இன்னும் சின்னது, ஆனால் வெளிப்பணம் வரக் கதவு திறந்திருக்கும். கென்யா, இலங்கை, ஜாம்பியா இந்த ரகம். இன்றைக்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் ஜாம்பியாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2012 செப்டம்பரில் ஜாம்பியா முதன்முதலாக டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. கேட்டது 75 கோடி டாலர். கொடுக்க வரிசையில் நின்ற பணமோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். பத்து வருடக் கடனுக்கு ஜாம்பியா கொடுக்க வேண்டிய வருவாய் வருடத்துக்கு 5.625 சதவீதம்தான். அந்த நாளில் ஸ்பெயினே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுத்துதான் கடன் வாங்கிக்கொண்டிருந்தது! பணக்கார நாடுகளில் வட்டி ஏறக்குறைய பூஜ்யம். செம்போ 2011இல் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஜாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஏழு பங்கு செம்புதான். ஆசை வராமல் இருக்குமா?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுத்திகரித்த செம்புத் தகடுகளைக் கட்டுக்கட்டாக லாரியில் அடுக்கி, எல்லைச் சாவடிகளில் காத்துக் கிடந்து, பக்கத்து நாட்டுத் துறைமுகமான தார் எஸ் சலாமுக்கோ, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கோ கொண்டுபோக வேண்டும். அந்த லாரியில் செம்போடு சேர்ந்து சுரங்க வரியும், ஜாம்பியாவின் நாணயமான க்வாச்சாவின் மதிப்பும், கடனுக்கான வட்டியும் போகின்றன. சுரங்கப் பங்கு, உள்ளூர் நாணயம், அரசுப் பத்திரம் என்று மூன்று கூடையில் போட்டிருப்பதாக முதலீட்டாளர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் மூன்றும் ஒரே லாரியில்தான் இருக்கின்றன.

2015இல் அது தெரிந்தது. சீனாவின் தேவை தளர்ந்து செம்பு விலை சரிந்தது. 2016 தொடக்கத்தில் டன் 4,500 டாலருக்கும் கீழே. அதே சமயம் மழை பொய்த்து, நாட்டுக்குப் புனல் மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கம் வற்றி, மின்வெட்டு வந்தது. வருடத் தொடக்கத்தில் டாலருக்கு ஆறு சொச்சமாக இருந்த க்வாச்சா, வருட முடிவில் பதினொன்று. அந்த வருடம் வெளியிட்ட மூன்றாவது பத்திரத்துக்கு 9 சதவீதத்துக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது.

சரி, நாடே வேண்டாம், பொருளை மட்டும் வாங்குகிறேன் என்பீர்கள். அதே 2020, ஏப்ரல் 20. எண்ணெய், உலோகம் போன்ற பொருள்களுக்கான நம் முன்பேரச் சந்தை எம்சிஎக்ஸ், ஊரடங்கால் மாலை ஐந்து மணிக்கே மூடிவிட்டது. கச்சா எண்ணெய் அப்போது பீப்பாய்க்கு 965 ரூபாய். இரவில் நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. இங்கே கணக்கு முடித்த விலை மைனஸ் 2,884 ரூபாய். ஒரு லாட் என்பது நூறு பீப்பாய். மாலை விலையிலிருந்து பார்த்தால், வாங்கி வைத்திருந்தவருக்கு லாட்டுக்கு 3,84,900 ரூபாய் போயிற்று. விற்றுவிட்டு வெளியே வரலாம் என்றால் சந்தை திறந்திருந்தால்தானே?

லாபம் பார்த்தவர்களும் உண்டு. ஜாம்பியா கைவிரித்த சமயம் பத்திரங்களைப் பாதி விலைக்கும் கீழே வாங்கியவர்கள், 2021 ஆகஸ்டில் ஹிச்சிலேமா அதிபராக ஜெயித்ததும் விலை ஏறுவதைப் பார்த்தார்கள். முதல் பத்திரத்தை ஆசையாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இவர்கள் அல்லர் என்பது என் கணிப்பு. அதுவும் கடன் சீரமைப்பு முடிய 2024 ஜூன் ஆயிற்று. அவ்வளவு நாள் வட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பணம் எத்தனை பேரிடம் இருக்கும்?

கடன் சீரமைப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 மே மாதத்தில், செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தொட்டது. ஜாம்பியாவில் அந்த வருடமும் மழை இல்லை. கரிபாவில் தண்ணீர் இறங்க, மறுபடியும் மின்வெட்டு.