குடுவைக்குள் சுருண்ட கடல்

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் கிழக்குக் கரையில் பாலைகாஸ்ட்ரோ என்றோர் ஊர். அங்கே தோண்டி எடுத்த ஒரு மண் குடுவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம். வயது ஏறத்தாழ 3,500 ஆண்டு. இப்போது அதே தீவின் ஹெராக்லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் வயிற்றில் தீட்டிய ஓர் ஆக்டோபஸ். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்கிறார்களே, அதுதான். உடல் சற்றே சாய்ந்திருக்கிறது. இரண்டு வட்டக் கண்கள் நம்மையே பார்க்கின்றன. கைகள் நெளிந்து, நுனியில் சுருண்டு, குடுவையின் விளிம்புவரை போகின்றன. உறிஞ்சிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வட்டம். கைகளுக்கு இடையில் பாறையும் பாசியும் மிதக்கின்றன. தரை, வானம், படத்தைச் சுற்றிச் சட்டம் எதுவுமே கிடையாது.

அன்று கிரீட் தீவில் வாழ்ந்த மினோவர்கள் இதைச் செய்த விதம் எளிமையானது. சக்கரத்தில் இரண்டு தட்டுகளை வனைந்து, வாயோடு வாய் ஒட்டி, கழுத்தும் கைப்பிடிகளும் வைத்தார்கள். இரும்புச் சத்துள்ள களிமண் குழம்புதான் வண்ணம். தீட்டும்போது அதன் முழு நிறம் தெரியாது. சூளையில் வெந்த பிறகே கரும்பழுப்பாகத் துலங்கும்.

நானும் மண்பாண்டத்தில் ஓவியம் தீட்டுகிறவள். இந்த ஆக்டோபஸை வரைய முயன்றபோது, முதலில் பென்சிலால் நடுக்கோடு போட்டு, பக்கத்துக்கு நாலு கை என்று அளந்து வைத்தேன். வந்ததென்னவோ சிலந்திதான்! புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது தப்பு. படம் தட்டை, பானை உருண்டை. அந்த ஓவியர் கோட்டை வளைத்ததோடு, பானையின் வளைவையும் ஒரு கையாகவே பயன்படுத்தியிருக்கிறார்.

பொது ஆண்டுக்கு முன் 1450 வாக்கில் தீவின் பெரும்பாலான அரண்மனைகள் அழிந்தன. அதன்பின் கிரேக்கப் பெருநிலத்து மைசீனியர் காலத்துப் பானைகளிலும் ஆக்டோபஸ் உண்டு. ஆனால் அது நிமிர்ந்து நிற்கிறது. இடமும் வலமும் ஒரே அளவில் அலைக்கோடுகள். அழகுதான், ஆனால் நீந்தாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

கடல் உயிர்களை இப்படித் தீட்டும் கடல் பாணியைக் கோப்பையிலும் தட்டிலும் வரைய ஆசைப்படும் நண்பர்களே, முதலில் ஓர் ஆக்டோபஸ் நகர்வதைப் பாருங்கள். எந்தக் கை முன்னே போகிறது, எது பின்னால் இழுபடுகிறது என்று கவனியுங்கள். நான் இப்போது பென்சிலைத் தொடுவதில்லை. முதலில் இரண்டு கண்களை வைக்கிறேன். அப்புறம் தூரிகையை நிறுத்திக்கொண்டு, பானையைத்தான் மெல்லத் திருப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.