கொசுறும் கிளிமூக்கு மாங்காயும்: வாங்குபவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்?

(காட்சி: மரப்பலகை மீது ஒரு கிளிமூக்கு மாங்காய். கத்தி இறங்கும் ஓசை மட்டும் கேட்கிறது.)

நீளவாக்கில் கீறி, விசிறிபோல் விரித்து, இடுக்குகளில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவுகிறார் கடைக்காரர்.

சற்றுப் பொறுங்கள். வாயில் நீர் ஊறிவிட்டதா? நான் உங்களுக்கு எதையும் தரவில்லை. ஒரு படத்தைக் காட்டி, நான்கு சொற்கள் சொன்னேன், அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலில் என்றோ தின்ற மாங்காய் இப்போது உங்கள் நாக்கில் வேலை செய்கிறது.

செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், தம் நாய்களிடம் கண்டதும் இதுதான். உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடி ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. உணவோடு ஓர் ஓசையையும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு அந்த ஓசை மட்டுமே போதுமானதாயிற்று. பாடநூல்கள் இதை ‘ஆக்கநிலையுறுத்தம்’ என்கின்றன. ஊறிய எச்சிலையும் வற்றவைக்கும் சொல்!

(காட்சி: இரவு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு தெரு. தொலைவில் மணியோசை.)

நம் தெருவில் பாவ்லோவின் மணியை அடித்தவர் சோன்பப்டி வண்டிக்காரர். கண்ணாடிக் குடுவையைப் பார்க்கும் முன்பே பிள்ளைகள் சில்லறை கேட்டு அம்மாவின் முந்தானையை இழுப்பார்கள். அந்த மணிக்கு ஒரே பொருள்தான் உண்டு. இப்போது பகல் முழுவதும் ஒலிபெருக்கி வைத்த வண்டிகள் வருகின்றன. வெங்காயம், உப்பு, பழைய இரும்பு என எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே குரல் விற்கிறது. எது வருகிறது என்று யாரும் காது கொடுப்பதில்லை. விளம்பரத்துக்குப் பெரும் பணம் கொட்டிவிட்டு, பக்கத்துக் கடையின் மெட்டையும் நிறத்தையும் பின்பற்றும் நிறுவனங்களுக்கு நேர்வதும் இதுதான்.

இந்தக் கல்வி விளம்பர உலகுக்குள் நுழைந்த கதை சுவையானது. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் கண்டால் அஞ்சும்படி பழக்கிய ஆய்வை 1920-இல் வெளியிட்டார். இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக்காத ஆய்வு அது. அதே ஆண்டில் பல்கலைக்கழக வேலையை இழந்தவர், அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் ஜே. வால்ட்டர் தாம்சன் விளம்பர நிறுவனம்.

பழக்கிவிட்ட ஒரு நம்பிக்கை பக்கத்துப் பொருள்களுக்கும் பரவும். ஆவின் பாலை நம்பியவர் ஆவின் நெய்யையும் பால்கோவாவையும் யோசிக்காமல் எடுக்கிறார். கடையில் யாரும் ‘நிலைப்படுத்திய பால்’ என்று கேட்பதில்லை. பச்சை பாக்கெட், நீல பாக்கெட் என்றுதான் கேட்கிறார்கள். கொழுப்பின் அளவை நிறமாகவே கற்றுக்கொண்டோம். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அதே நிற உறையில் போலி பிஸ்கெட் விற்பவரும் இந்தப் பாடத்தை நம்பித்தான் பிழைக்கிறார்.

(காட்சி: போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தக்காளிக் குவியல், தராசு.)

இனி நாம் சற்று உட்கார வேண்டிய இடம் இது.

நான் தக்காளி வாங்கும் அக்காவின் கையைக் கவனியுங்கள். முதலில் தட்டில் சற்றுக் குறைவாகவே போடுவார். பிறகு ஒன்று, இன்னொன்று எனச் சேர்ப்பார். தட்டு இறங்கும். அதிகமாகப் போட்டுவிட்டு எடுத்தாலும் எடை அதேதான். ஆனால் வாங்குபவர் முகம் சுருங்கிவிடும். பணம் கைமாறியதும், “இந்தா கண்ணு” என்று ஒரு பழத்தைப் பைக்குள் போடுவார். அதுதான் கொசுறு. சில வாரம் நாலு கொத்தமல்லித் தழை, சில வாரம் இரண்டு பச்சை மிளகாய், சில வாரம் எதுவும் இல்லை. கேட்டால் கிடைக்காது.

இதையே புறாக்களை வைத்து ஆராய்ந்தவர் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர். ஒரு செயலுக்குப் பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப நடக்கும். இதற்குப் பெயர் வலுவூட்டல். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் தந்துவிட்டு நிறுத்தினால், புறா விரைவில் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாமல் வைத்தால், நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். அந்த அக்காவின் பக்கத்துக் கடைக்காரர் வாரம் தவறாமல் கொத்தமல்லி கொடுத்தவர். விலை ஏறியபோது நிறுத்தினார். எடையில் ஏமாற்றிவிட்டதுபோல் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். நாள்தோறும் வந்தால் அது கொசுறு இல்லை, பாக்கி.

செல்போனில் பணம் அனுப்பியதும் வரும் ஸ்கிராட்ச் கார்டும் ஒரு கொசுறுதான். என்ன, அதில் “கண்ணு” இல்லை.

(காட்சி: அதே சந்தை. மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கும் ஒருவர்.)

பாட்டும் மணியும் செல்லாத இடமும் உண்டு. மாடு வாங்க வந்தவர் பல்லை எண்ணுகிறார், மடியைத் தொட்டுப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார். தவறினால் இழப்பு பெரிது. அதனால் யோசித்துக் கற்கிறார். விதை, சொட்டுநீர்க் குழாய் விற்பவர்களுக்கு இது தெரியும். அவர்கள் நடிகரை அழைப்பதைவிட, ஓர் உழவரின் நிலத்திலேயே பயிரிட்டுக் காட்டி வயல் விழா நடத்துகிறார்கள். பிறர் செய்வதைப் பார்த்தே மனிதர் கற்பதை, 1961-இல் ஒரு பொம்மையையும் குழந்தைகளையும் வைத்துக் காட்டியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா. வரப்போரம் நின்று பக்கத்துக் காட்டை எட்டிப் பார்ப்பவருக்கு அது முன்பே தெரியும்.

(காட்சி: ஓசூர் செல்லும் நெடுஞ்சாலை. மாம்பழக் கடைகள், ஓரம் கட்டிய கார்கள்.)

சீசனில் ஒரு கடையில் நிறுத்தினேன். கத்தி நுனியில் ஒரு துண்டு செந்தூராவை நீட்டினார்கள். தேன். ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டில் திறந்தால், மேல் வரிசைக்குக் கீழே எல்லாம் வெம்பிய காய். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சந்தை அக்கா என்னை ஆண்டுக்கு ஐம்பது ஞாயிறு பார்க்கிறார். நெடுஞ்சாலைக் கடைக்காரர் ஒரு காரை ஒரே முறை பார்க்கிறார். நான் கற்றுக்கொண்டது அவருக்கு நட்டமாகப் போவதில்லை. அது நேர்மையாக விற்கும் அடுத்த கடைக்குத்தான் நட்டம்.

இன்றும் அந்தச் சாலையில் போகும்போது, அடுக்கி வைத்த மஞ்சளும் சிவப்பும் கண்ணில் பட்டதும் வாயில் நீர் ஊறுகிறது. வண்டியின் வேகம் மட்டும் குறைவதில்லை.