லெந்துல குடிக்காம இருந்தேன், ஈஸ்டர் முடிஞ்சதும் விழுந்துட்டேன், இனிமே நற்கருணை எடுக்கலாமா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த கேள்விய அனுப்பினது ஆம்பூர் பக்கத்துல ஷூ கம்பெனில வேலை செய்ற ஒரு தம்பி, பேர் சொல்ல வேணாம்னு கேட்டுட்டாரு. "ஐயா, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு 40 நாளும் குடிக்காம ஜெபம் பண்ணிகினு இருந்தேன், ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு பிரெண்ட்ஸோட போய் குடிச்சிட்டேன், மூணு வாரமா கோயிலுக்கு போல, இனிமே நான் நற்கருணை எடுக்கலாமா, என் விசுவாசமே பொய்யா?" அப்படின்னு கேட்டிருக்காரு. நற்கருணைன்னா கோயில்ல இயேசுவ நெனச்சி வாங்கற அப்பமும் திராட்ச ரசமும்.

தம்பி, குடிச்சத பத்தி அப்பால வரேன், மொதல்ல அந்த மூணு வாரத்த பேசுவோம். குடிச்சது ஒரு ராத்திரி, ஒளிஞ்சிகினு இருக்கறது மூணு வாரம். நானும் இப்படி ஒளிஞ்சவன் தான். ஞானஸ்நானம் எடுத்து ரெண்டாவது வருஷம் திரும்பவும் குடிச்சேன், அப்ப காட்பாடில இருந்தோம், ஞாயித்துக்கிழமை காலைல மணி அடிக்கும் போது ஜுரம்னு சொல்லி போத்திகினு படுத்துக்குவேன், எங்கம்மா மிளகு ரசம் வெச்சி எடுத்துகினு வந்து பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவாங்க, அந்த ரசம் எனக்கு தொண்டைல எறங்காது. அதனால நீ இப்ப இருக்கற இடம் எனக்கு நல்லா தெரியும் தம்பி.

லூக்கா 22-ல 31, 32 எடுங்க. கோதுமைய சுளகுல புடைக்கற மாதிரி சாத்தான் உங்கள புடைக்க உத்தரவு கேட்டான்னு தன்னோட சீஷன் பேதுரு கிட்ட இயேசு சொல்றாரு. சுளகுன்னா நம்ம ஊர்ல முறம். அடுத்து இன்னா சொல்றாரு பாருங்க, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்". நீ விழவே கூடாதுன்னு வேண்டிகினேன்னு சொல்லல. விழப்போறான்னு தெரியும், சேவல் கூவறதுக்குள்ள என்ன தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிப்பன்னு அவரே சொல்றாரு. விழுந்தவன் அங்கயே கெடந்துடக்கூடாதுன்னு தான் அந்த ஜெபம். நீ குணப்பட்ட பின்பு உன் சகோதரர ஸ்திரப்படுத்துன்னு அடுத்த வேலையும் அப்பவே குடுத்துட்டாரு.

இப்ப நற்கருணை. அதே 22-ஆம் அதிகாரத்துல, அதே மேஜைல, அப்பத்த பிட்டு குடுத்தாரே, பேதுருவும் வாங்கினான் இல்ல? அன்னிக்கி ராத்திரியே மறுதலிக்கப் போறவனுக்கு தெரிஞ்சே குடுத்தாரு. 1 கொரிந்தியர் 11:28 கூட தன்ன சோதிச்சி அறிஞ்சி புசிக்கணும்னு தான் சொல்லுது, சோதிச்சி பாத்துட்டு வீட்டுக்கு ஓடிடுன்னு சொல்லல. ஆனா சும்மா பழக்கத்துல போய் கைய நீட்டிடாத, முந்தின நாளே உங்க ஆயர பாத்து நடந்தத மறைக்காம சொல்லு, குற்றங்கள ஒருத்தருக்கொருத்தர் அறிக்கை பண்ணுங்கன்னு யாக்கோபு 5:16 சொல்லுது.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இன்னொன்னு இருக்கு, இத சொல்லும் போதெல்லாம் மனசு நெறைஞ்சிடும். பேதுரு எங்க நின்னு மறுதலிச்சான்? பிரதான ஆசாரியன் வீட்டு முத்தத்துல, ஊழியக்காரங்க போட்ட கரிநெருப்புல குளிர் காஞ்சிகினு. யோவான் 18:18. அப்பால 21:9 பாருங்க, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரைல கரிநெருப்பு போட்டு மீன் வெச்சி அப்பம் வெச்சி காத்துகினு இருக்காரு. யோவான் சுவிசேஷத்துல கரிநெருப்புன்னு வர்றது இந்த ரெண்டு இடத்துல தான். எந்த வாசன வந்தா அவனுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வருமோ அதே வாசனைல உக்கார வெச்சி, ஏன்டா அப்படி பண்ணேன்னு கேக்காம, மொதல்ல சாப்பிட வாங்கன்னு கூப்பிடறாரு, சாப்பிட்டு முடிச்ச அப்பறம் தான் என்ன நேசிக்கறியான்னு மூணு தடவ கேக்கறாரு.

அதே நேரம் மொத நெருப்பையும் மறக்கக்கூடாது. உன்னோட சனிக்கிழமை பிரெண்ட்ஸ் போடறது அந்த முத்தத்து நெருப்பு தம்பி. 1 கொரிந்தியர் 10:13-ல சோதனையோட கூட தப்பிக்க "போக்கையும்" உண்டாக்குவாருன்னு இருக்கே, நான் ரொம்ப நாளா வானத்துல இருந்து ஏதோ எறங்கி வரும்னு நெனச்சிகினு இருந்தேன். எனக்கு அந்த போக்கு எங்க வீட்டுக்காரம்மா கைல சம்பளக் கவர பிரிக்காம குடுக்கறதா இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாம சுத்திகினு வேற தெருவால வீட்டுக்கு போறதா இருந்துச்சு. ஆதியாகமத்துல யோசேப்பு, தன்ன தப்புக்கு கூப்பிட்ட எஜமான் போத்திபாரோட பொண்டாட்டி கிட்ட நின்னு விவாதம் பண்ணல, துணிய விட்டுட்டு ஓடினான். ஓடறதுக்கும் விசுவாசம் வேணும், பிரெண்டு இன்னா நெனப்பானோன்னு பயந்தா கால் வராது.

கேக்கறவங்கள்ல டெய்லி குடிக்கறவங்க இருந்தா ஒண்ணு சொல்லணும். ஜெபம் பண்ணிட்டேன்னு ஒரே நாள்ல நிறுத்தி, கை நடுங்கி வேர்த்து ஊத்தி தூக்கம் வராம கெடக்காதீங்க, வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. வேலூர் பாகாயத்துல சிஎம்சி மனநல ஆஸ்பத்திரி இருக்கு, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் பாக்கறாங்க. டாக்டர் கிட்ட போனா விசுவாசம் கம்மின்னு உங்ககிட்ட யாராவது சொன்னா தயவு செஞ்சி அத கேக்காதீங்க, சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியன் தான், கொலோசெயர் 4:14-ல பவுல் "பிரியமான வைத்தியன்"னு அன்பா எழுதறாரு.

தம்பி, வர்ற சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த உடனே, கேட்ட தாண்டறதுக்கு முன்னாடியே, உங்க சபைல நீ நம்பற ஒரு அண்ணனுக்கு போன் போடு, வீடு போய் சேர்ற வரைக்கும் லைன்லயே பேசிகினு போ. மறுநாள் கோயில்ல பின்னாடி பெஞ்சுலயாவது வந்து உக்காரு. சரி, அடுத்த கேள்விக்கு போலாம்.